ஒஸ்லோப் பனியில் ஒரு ராகுகாலம்

குளிர்காலத்தில் ஒஸ்லோ நடைபாதைகளில் பொடிக்கல் தூவுவார்கள், ஆட்கள் வழுக்கி விழாமல் இருக்க. உறைந்த பனியின்மேல் கிடக்கும் அந்தக் கல் சப்பாத்துக்கு அடியில் நெரிபடும்போது ஒரு சத்தம் வரும். இருட்டுக்குள் யாரோ ஒளித்திருந்து முறுக்குக் கடிப்பது போல இருக்கும். அதை எங்கே கேட்டாலும் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குப் போய்விடுகிறேன். சில வருடங்களுக்கு முந்திய டிசம்பர் தொடக்கம். நகரத்தின் தென்கோடியில், சுரங்க ரயில் பாதை முடிகிற மோர்டென்ஸ்ருட்டில், வாடகைக்கு விடப்படும் ஒரு வீட்டின் எதிர்ப்பக்கம், இலையில்லாத ஒரு மரத்தடியில் நிற்கிறேன். உள்ளே போகவேண்டும். போக முடியவில்லை.

அந்த வீடு எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வடக்கே, துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் ஒன்றாயிருந்த எங்கள் குடும்பம் இரண்டானது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பருவகாலங்கள் நடந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். மகளும் தாயும் மோர்டென்ஸ்ருட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் துரொண்ட்ஹெய்மிலேயே இருந்து பார்த்தேன். வீட்டுக்குள் நடப்பேன், வெளியே நடப்பேன், ஆற்றங்கரையில் நடப்பேன். எங்கே நடந்தாலும் கால் தெற்கே திரும்பியது. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, ஸ்ட்ரோம்மனில் இருந்த ஒரு நண்பனின் வீட்டுச் சோபாவில் வந்து படுத்துக்கொண்டேன்.

மகளின் தாய் நியாயமான மனுஷி. "பிள்ளைக்கெண்டு தனிய ஒரு அறை இருக்கோணும். பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவா இருக்கோணும். அப்பிடியெண்டால் ஒரு கிழமை உங்களோடை, ஒரு கிழமை என்னோடை" என்று சொல்லியிருந்தார். நான் தேடியதும் அந்த அறையைத்தான். சமையலறை, குளியலறை, கூரை எல்லாம் அந்த அறையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் வரட்டும் என்றிருந்தேன்.

மகள் மட்டும் இதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயது. "என்னோடை வந்து இருப்பியா?" என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். அந்தக் குலுக்கலுக்குள்ளே இருப்பது ஓமா இல்லையா என்று யோசித்தபடி சோபாவில் கிடப்பேன்.

இந்த நாட்டில் வீடு பார்ப்பதற்கு ‘விஸ்னிங்’ என்று பெயர். ஒரு நேரம் சொல்வார்கள். ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் அந்த நேரத்துக்கு ஒன்றாக வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றி, காலுறையோடு அறை அறையாக நடந்து, அலுமாரியைத் திறந்து மூடி, வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். யாருடைய சிரிப்புப் பிடித்ததோ அவர்களுக்கு வீடு. என்னுடைய சிரிப்பு ஒருவருக்கும் பிடிக்கவில்லை. சில இடங்களில் சிரிக்கும் வரைக்கும்கூடப் போகவில்லை, பெயரைப் பார்த்ததோடு சரி, பதில் வராது. தமிழ் ஆட்களின் வீடுகளும் பார்த்தேன். அங்கே பெயர் பிரச்சினை இல்லை. "குடும்பம் எங்கை?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்ன நேரத்திலேயே வீடு வேறு யாருக்கோ பேசியாயிற்று என்றாகிவிடும்.

அந்த ஞாயிறு காலை நண்பனின் மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு விஸ்னிங் எத்தினை மணிக்குத் தம்பி?"

"அஞ்சு மணிக்கு அக்கா."

தட்டகப்பையோடு திரும்பி, சுவரில் தொங்கிய தமிழ்க் கலண்டரைப் பார்த்தார். முகம் மாறியது. "ஞாயிற்றுக்கிழமை நாலரையிலையிருந்து ஆறு வரைக்கும் ராகுகாலமெல்லே! இவ்வளவு வீடும் ஏன் கைவிட்டுப் போச்செண்டு இப்ப விளங்குது."

"இஞ்சேருமப்பா, அது ஊர்ச் சூரியனைப் பாத்து எழுதினது" என்றான் நண்பன். "இஞ்சை மூண்டேகாலுக்கே சூரியன் படுத்திடும். பிறகென்ன ராகுகாலம்?"

"ஏன், ராகுவுக்கு ஒஸ்லோ வர விசா வேணுமோ?"

"வந்தாலும் குளிருக்குத் திரும்பிப் போயிடுவார்."

"தம்பி, நீர் அவரின்ரை பகிடியைக் கேளாதையும். ஆறு மணி கழிஞ்ச பிறகு அந்த வாசலை மிதியும். சொல்லிப்போட்டன்."

எனக்கு இந்த விஷயங்களில் நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு நம்பிக்கை எதற்கு? பயமே போதும்.

அன்று மகள் என்னோடு இருந்தாள். வார இறுதிகளில் எங்கள் இருவருக்கும் வீடு, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிதான். அங்கே மாடி மாடியாக நடந்து, தேவையில்லாத பொருட்களைத் தொட்டுப் பார்த்து, பிறகு ரயில் மாறி மோர்டென்ஸ்ருட்டில் இறங்கினோம். எவ்வளவோ மெதுவாக நடந்தும், இந்த நாட்டுப் பழக்கம் காலில் ஊறிப்போனதால், சரியாக ஐந்து மணிக்கு அந்த வீட்டுக்கு முன்னால் வந்துவிட்டோம். சரிவில் கட்டிய மரவீடு. மேலே வீட்டுக்காரி இருப்பதாகவும் கீழ்த்தளம் வாடகைக்கு என்றும் விளம்பரத்தில் இருந்தது. சோடி சோடியாக ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் வீதிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

"அப்பா, எல்லாரும் உள்ளுக்குப் போகினம்."

"கொஞ்சம் நிண்டிட்டுப் போவம்."

"ஏன்?"

சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பிறகு போனை எடுத்து எதையோ தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சூரியன் எப்பவோ போயிட்டுது, பாருங்கோ. அங்கத்தைய சூரியனுக்கு நாங்கள் ஏன் இஞ்சை விறைச்சுக்கொண்டு நிக்கோணும்?"

"ஸ்ட்ரோம்மன் மாமி சொன்னவ…"

"எனக்கு ஃப்ளௌவா இருக்கு அப்பா." பெற்றோரால் வெட்கப்பட நேரும்போதெல்லாம் இங்குள்ள பிள்ளைகளின் வாயில் முதலில் வந்து விழும் நோர்வேச் சொல் அது. சொல்லிவிட்டு முதுகுப்பையை ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு வீதியைக் கடந்தாள். வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். உள்ளே போய்விட்டாள்.

இந்த ஊரில் யன்னல்களுக்குத் திரைச்சீலை போடுவது குறைவு. இருட்டில் நிற்பவனுக்கு ஒவ்வொரு வீடும் ஒரு மீன்தொட்டி. மஞ்சள் வெளிச்சத்துக்குள் மனிதர்கள் சத்தமில்லாமல் நீந்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையால் சுவரின் நீளத்தை அளந்தாள். ஒருவன் அடுப்புக்கு முன்னால் நின்று எதையோ கற்பனையில் கிண்டினான். என்னுடைய வாழ்க்கை அங்கே நடந்துகொண்டிருந்தது, வேறு ஆட்களை வைத்து. பனி விழத் தொடங்கியிருந்தது. அதற்கு ஓரவசரமும் இல்லை.

வீட்டின் கோடியில் ஒரு சிறிய அறை. யன்னலில் நத்தார்ப் பண்டிகைக்காகத் தொங்கவிட்ட காகித நட்சத்திரம் ஒன்று, உள்ளே குமிழ் எரிய, சிவப்பாக மிதந்தது. அந்த அறைக்குள் என் மகள் வந்தாள். தனியாக. முதலில் நட்சத்திரத்தைத் தொட்டாள், அது ஆடியது. அலுமாரிக் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு அறையின் நடுவில், வெறும் நிலத்தில், சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் மூச்சுவிடப் பயந்தேன். மூச்சின் புகை அந்தக் காட்சியை மறைத்துவிடும் என்பதுபோல.

கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் கதவடியில் வந்து நின்றார். என்னைவிடச் சில வயது மூத்தவராக இருக்கலாம். அவர்தான் வீட்டுக்காரி என்று தெரிந்தது. மகள் ஏதோ சொன்னாள். அவர் கேட்டார். மகள் கையை நீட்டி யன்னலைக் காட்டினாள். யன்னலுக்கு அப்பால் இருந்த என்னை. அந்தப் பெண் கண்ணாடிக்கு அருகே வந்து, கையைப் புருவத்தில் வைத்து இருட்டுக்குள் துழாவினார். நான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். திருடன் மாதிரி.

முடிந்தது என்று நினைத்தேன். வீடு போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. வெளியே நிற்கிற பைத்தியம் என் அப்பாதான் என்று அந்நியர்கள் முன்னால் பிள்ளை சொல்லவேண்டி வந்துவிட்டதே. இனி அந்தத் தோள் குலுக்கலுக்குள் ஓம் எங்கே இருக்கப்போகிறது?

கதவு திறந்தது. அவள் இரண்டு கையாலும் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்து வந்தாள். கொக்கோவின் ஆவி அவள் முகத்தை மூடியிருந்தது.

"குடியுங்கோ. அவ தந்தவ. ஆறு மணி வரைக்கும் பாத்துக்கொண்டு இருப்பாவாம். பிறகு வரட்டாம்."

"நீ என்னெண்டு சொன்னனீ?"

"உள்ளதைச் சொன்னனான்."

"சிரிச்சவவோ?"

"இல்லை. எந்தப் பக்கத்துச் சூரியன் எண்டு கேட்டவ."

"சரி, நீ உள்ளுக்குப் போய் நில் பிள்ளை. குளிருது."

"இல்லை" என்றாள். என் மேல்சட்டைப் பைக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டாள்.

வீடு பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். எங்களைக் கடந்து போகையில் ஒருவர் தலையசைத்தார். நாங்கள் இருவரும் ஒரே கோப்பையில் மாறி மாறிக் குடித்தபடி, கால் விறைக்காமல் இருக்க நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தோம். அவள் கதைக்கத் தொடங்கினாள். புதுப் பள்ளிக்கூடத்தில் மதியம் யாரோடு இருந்து சாப்பிடுகிறாள் என்று. முதல் கிழமை ஒருவரோடும் இல்லை என்று. துரொண்ட்ஹெய்ம் ஆற்றங்கரையில் கால் வைத்து நிற்கும் அந்த நிறநிறமான மரவீடுகள் கனவில் வருகின்றன என்று. கடைத்தொகுதியின் எத்தனையோ வார இறுதிகளில் நான் கேட்டும் வராத கதைகள், கேளாமலே வந்தன. பனி அவள் தொப்பியில் சேர்ந்துகொண்டே இருந்தது. அந்த ராகுகாலம் இன்னும் கொஞ்சம் நீண்டால் என்ன என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

"சரி, ஆறு" என்றாள் போனைப் பார்த்து. "வாங்கோ. வலது காலை வையுங்கோ, இல்லாட்டி மாமி பேசுவா."

வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். அந்த ஒரு பழக்கத்தில் இரண்டு நாடுகளுக்கும் சண்டையே இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வீட்டுக்காரி கையசைத்து நிறுத்திவிட்டு, வடக்குப் பகுதியின் இழுவையோடு நோர்வே மொழியில் பேசினார்.

"என் அப்பா மீன்பிடிகாரர். படகுக்குள் யாராவது முதுகுப்பையோடு கால் வைத்தால், அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டார். அம்மா எவ்வளவு திட்டினாலும் போகமாட்டார். காத்துக்கொண்டு நிற்கிற ஆண்களை எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம்."

மகள் மெல்லத் தன் முதுகுப்பையைக் கழற்றி நிலத்தில் வைத்தாள்.

"பயப்படாதே, அது படகுக்கு மட்டும்தான்" என்று அந்தப் பெண் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். யோசித்துவிட்டு நாளைக்குக் கதைக்கிறேன். பொய்யாக ஒன்றும் சொல்லி அனுப்ப எனக்கு விருப்பமில்லை" என்றார்.

மறுநாள் காலையிலேயே தொலைபேசி வந்தது. இன்றும் அந்தக் கீழ்த்தளத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். ராகு விலகியதால் கிடைத்தது என்று அக்கா சொல்கிறார். ராகுவுக்குப் பயந்து மரத்தடியில் நின்ற பகிடியால் கிடைத்தது என்கிறான் நண்பன். எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. பிள்ளை வந்து இருப்பதற்கு ஓர் அறை வேண்டும் என்று நகரம் முழுக்கத் தேடியலைந்தேன். அவளோ கூரையே இல்லாத இடத்துக்கு, வெளிச்சத்தையும் சூட்டையும் விட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றாள். இப்போதும் என் கால்கள் அடங்குவதில்லை, எங்காவது போகத்தான் சொல்கின்றன. அப்படிப் பரபரக்கும்போதெல்லாம் என் சட்டைப்பைக்குள் நுழைந்த அந்தச் சின்னக் கையை நினைத்துக்கொள்கிறேன். நின்றுவிடுகிறேன்.

அந்த மாலை, வீடு கிடைக்குமா கிடைக்காதா என்று ஒன்றும் தெரியாமலே, அவளைத் தாயின் மாடிக்கட்டடத்து வாசலில் கொண்டுபோய் விட்டேன். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே ஒரு காலை வைத்தவள், கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"அப்பா, கட்டில் வாங்கப் போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போகோணும். நீங்களா ஒண்டை வாங்கிப் போடாதேங்கோ, சரியோ?"