எல்லோருக்கும் ஒரே டிஸ்க்

பெகாயிமின் இரண்டு கைகளும் தேநீர்க் கிண்ணத்தைச் சுற்றியிருந்தன. கடையின் அடுப்பு இன்னும் சூடேறாத காலை. மவுஸை யாரும் தொடவில்லை. திரையில் அம்புக்குறி மட்டும் நகர்ந்தது. வழி தெரிந்த ஆள் வீட்டுக்குள் நடப்பதுபோல, தடுமாறாமல் போய், பாஸ்போர்ட் நகல்கள் இருந்த கோப்புறையைத் திறந்தது. ஒவ்வொரு முகமாகப் புரட்டியது. அவள் கிண்ணத்தைப் போட்டுவிட்டு, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.

தால்புலாக் என்ற சிற்றூரில் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எதிர்க்கடை அவளுடையது. மாஸ்கோவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நகலெடுக்க அங்கேதான் வருவார்கள். அடிக்கடி தேவைப்படும் என்று, "உன்கிட்டயே ஒண்ணு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகத் தலைநகர் பிஷ்கெக் போய்ப் பட்டம் வாங்கி வந்தவள். அவளிடம் இருந்தால் பத்திரம் என்று ஊர் நம்பியது. அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அன்று மதியம் ரொட்டிக்கடைக்காரி ஜானில் வந்தாள்; வயதில் மூத்தவள், ஊருக்கே எஜே, அதாவது அக்கா. உட்காரவில்லை.

"எம் பையனை மாஸ்கோவுல போலீஸ் பிடிச்சு வச்சிருக்காங்கடி. இவன் பாஸ்போர்ட் நகலைக் காட்டி எவனோ சிம் வாங்கி, ஒரு கிழவியை ஏமாத்தியிருக்கான். இவன் பாட்டுக்கு சிமெண்ட் சுமந்துட்டு இருந்தான். இதைத்தான் காட்டுறாங்களாம், பாரு."

போனில் பாஸ்போர்ட்டின் படம். பையனின் முகத்துக்குக் குறுக்கே சாய்வாக ஒரு மெல்லிய கோடு. அது பெகாயிமின் ஸ்கேனர் கண்ணாடியில் இருக்கும் கீறல். அவள் எடுக்கும் எல்லா நகலிலும் விழும்.

"என்னடி, முகம் வெளுத்துப்போச்சு?"

"அடுப்புப் புகை, எஜே."

அந்தக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் போட்டுக் கொடுத்தது அக்கா ஐனாஷின் புருஷன் சாகின். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கம்பளிக் கிட்டங்கி எல்லாவற்றுக்கும் அவர் டிஸ்க்தான். கூலி வாங்கமாட்டார். விரிப்பு விரித்துச் சாப்பாடு போடவேண்டும், அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுப் போன உறவுக்காரரிடம் உங்கள் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. போடுவதற்கு முன்னால் வைரஸ் தடுப்பை அணைத்துவிடுவார். "காவல்நாய்க்கு விருந்தாளி யாரு திருடன் யாருன்னு தெரியாது. கட்டிப்போட்டுட்டுத்தான் உள்ள போகணும்," என்பார்.

பெகாயிம் கல்லூரி நாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விண்டோஸுக்குப் பதில் வேறொன்றைத் தேடினாள்: இலவசமாகக் கிடைக்கும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்க்கலாம் என்று கல்லூரியில் சொன்னார்களே, அந்த லினக்ஸ். ஆனால் லினக்ஸ் ஒன்றில்லை. ஒரே பெயரில் பெரிய குடும்பம். எது உசத்தி என்று ஆளாளுக்குச் சண்டை. ஒன்று பார்க்க அழகு, பழைய கம்ப்யூட்டர் தாங்காது. இன்னொன்று தாங்கும், பிரிண்டரை ஓட்ட நாலு நாள் மல்லுக்கட்ட வேண்டும். கடைசியில் மின்ட் என்பதில் இலேசான வகையைத் தேர்ந்தெடுத்தாள். இறக்கிய கோப்பை வழியில் யாரும் மாற்றவில்லை என்று பார்க்க, அதை உருவாக்கியவர்கள் எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான ஒரு வரி கொடுத்திருந்தார்கள். ஒப்பிட்டாள். பொருந்தியது.

நிம்மதி வரவில்லை. எவரும் பார்க்கலாம் சரி, நான் பார்த்தேனா? பார்த்தால் புரியுமா? நேற்றுவரை அக்கா புருஷனை நம்பினேன், இன்று முகம் தெரியாதவர்களை நம்புகிறேன். படித்தவள் என்று சொல்லிக்கொண்டு, நம்புகிற ஆளை மாற்றியதைத் தவிர நான் என்ன செய்தேன்?

இருந்தாலும் கடைக் கம்ப்யூட்டரில் அதையே போட்டாள். பழையதை முழுக்கத் துடைத்தாள். நகல்களும் அழிந்தன. வெளியே போனவை போனவைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஐனாஷ் வீட்டில் விருந்து. அக்கா புருஷனை ஜெஸ்தே என்று கூப்பிட்டு, மச்சினி எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பண்ணலாம். அவர் கோபப்படக் கூடாது. அவர்களுக்குள் பேச்சென்றாலே கேலிதான்.

"ஜெஸ்தே, உங்க டிஸ்க்குல திருடன் இருக்கான்."

"இருக்கமாட்டானா? உங்க அக்காவையே கல்யாணத்துக்குன்னு தூக்கிட்டு வந்தவன் போட்ட டிஸ்க்காச்சே."

விரிப்பைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஐனாஷ் சிரிக்காமல் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"விளையாடலை. அம்பு தானா ஓடிச்சு. பாஸ்போர்ட்டையெல்லாம் புரட்டிச்சு."

"உனக்கு மாப்பிள்ளை பாத்திருக்கும். நாங்கதான் சும்மா இருக்கோம், அதுக்காச்சும் கவலை இருக்கே."

"எங்கேருந்து எடுத்தீங்க அதை?"

"நெட்ல எவனோ புண்ணியவான் சும்மா போட்டு வச்சிருக்கான். ஏன், நீ புதுசாப் போட்டியாமே, அந்த லினக்ஸும் சும்மா கிடைச்சதுதானே? உன்னுது மட்டும் என்ன ஒசத்தி?"

பதில் இருந்தது. இரண்டுமே இலவசம்தான், ஆனால் ஒன்றைத் திறந்து பார்க்கலாம். நீ பார்த்தாயா என்று அவர் கேட்டால்? அவள் தயங்கிய அந்த நொடியில் சிரிப்பு மறுபடி எழுந்துவிட்டது.

"இவளுக்கு வாய் நீளம்," என்றாள் ஐனாஷ். "டீ ஊத்துடி."

தேநீரை வாங்கிக்கொண்டே சாகின் சொன்னார்: "நாளைக்கு பாஸ்போர்ட் ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்க. எல்லா மெஷினுக்கும் புதுசாப் போடணுமாம்."

பெரியவர் ஒருவர் ஆசி சொல்ல, எல்லாரும் கையேந்தி முகத்தில் தடவிக்கொண்டார்கள். பெகாயிமின் கைகளும் பழக்கத்தில் எழுந்து முகத்தைத் தடவின.

மறுநாள் கடை ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் கடை போகும், சாகினைக் கூட்டிப்போவார்கள், அக்கா முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால், அவளுடைய ஒரு கோப்புறை மட்டுமில்லை, இந்த வட்டாரத்தின் எல்லா முகங்களும் போகும். உச்சிப்பொழுது ஆனபோது கோட்டுகூடப் போடாமல் சாலையைக் கடந்தாள்.

உள்ளே நீண்ட வரிசை. வரிசைக்குப் பக்கத்து மேஜையில் சாகின் உட்கார்ந்திருந்தார், கையில் டிஸ்க்.

"வாடி மச்சினி, டீ கொண்டாந்தியா? இல்ல, திருடனைப் பிடிக்க வந்தியா?"

வரிசை சிரித்தது.

"சாகின் அசனோவிச்," என்றாள் பெகாயிம்.

ஜெஸ்தேயை அப்பா பெயரோடு சேர்த்து, அதிகாரியைக் கூப்பிடுவதுபோல யாரும் கூப்பிடமாட்டார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் முகத்தில் முதல்முறையாகக் கேலி இல்லை.

"அதைப் போடாதீங்க. உங்க டிஸ்க் போட்ட என் கம்ப்யூட்டர்லேருந்து பாஸ்போர்ட் நகல்கள் திருடு போயிருக்கு. ஜானில் எஜே மகனைப் பிடிச்சு வச்சிருக்கிறது என் கடையில எடுத்த நகலாலதான்."

வரிசையில் அண்ணன் வயது ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "என்னுதும் உன்கிட்ட இருந்துச்சே?"

"இருந்துச்சு, பைகே. உங்களுதும் போயிருக்கும்."

சாகின் டிஸ்க்கை மேஜைமேல் வைத்தார். வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள் அறையில காலையிலேயே போட்டு முடிச்சுட்டேன்," என்றார். "எல்லார் பதிவும் இருக்கிற மெஷின் அது."

பெகாயிம் ஓடினாள். உள் அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். கதவில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.