வாசற்படி வெடிப்பில் நித்தியகல்யாணி

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் எங்கள் வாசற்படி வெடிப்பில் நித்தியகல்யாணி முளைத்தால் பிடுங்கி எறிவேன். எறிந்த இடத்திலும் வேர்விடும் மானங்கெட்ட செடி அது. மயானத்தில் படர்ந்து கிடப்பதால், பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா அதைப் பிணப்பூ என்பார்.

என் கழுத்தில் கட்டி வந்தது. நிணநீர்ப் புற்று என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து ஏற்றும் நாட்களில் பயத்தில் எனக்கு வாய் ஓயாது. அப்படி ஒரு நாள் பல மருந்துகளுக்கு நடுவே தண்ணீர் போல ஒன்று இறங்கியது.

"இது வெறும் தண்ணியா டொக்டர்?"

அவர் யாழ்ப்பாணத்துப் பெண். "பாக்க அப்பிடித்தான் இருக்கும். நித்தியகல்யாணியில இருந்து எடுக்கிறது. இவ்வளவு எடுக்கச் சாக்குச் சாக்கா இலை வேணும்."

கடவுள் இவ்வளவு பெரிய சங்கதியை என் காலடியில் வைத்துவிட்டு மூச்சுக்கூட விடவில்லையே என்று வழி நெடுக பஸ்ஸில் மருகினேன்.

வீட்டில் சொன்னதுதான் தாமதம், நாத்தனார் ஒரு சட்டி இலையை அவித்துக் கொண்டுவந்தாள். "அதே செடிதானே அண்ணி, குடிங்க." எனக்கும் ஆசைதான். கணவர் சட்டியை மூடிவிட்டு டொக்டரிடம் போனில் கேட்டார்.

"தொடவே வேண்டாம். நாங்கள் அளந்து குடுக்கிறதும் நஞ்சுதான். அவிச்சதில எவ்வளவு இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

சட்டியோடு சாக்கடைக் கானில் கொட்டினேன். நாத்தனார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

அந்த மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தான் போடக்கூட வராது. ஆனாலும் காலையில் கண்ணாடி முன் நின்று கட்டியைத் தடவிப் பார்ப்பேன். நெல்லிக்காய் அளவில் காதுக்குக் கீழே இருக்கும். ஒரு நாள் அது அகப்படவில்லை. மரத்த விரலை நம்பலாமா? அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டேன்.

கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து, அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"மறந்துட்டீங்களா? காதுக்குக் கீழ."

"அங்கதான் தேடுறேன். ஒண்ணும் தட்டுப்படலியே."

அவர் கண் கலங்கியதற்கு வெங்காயத்தைக் குற்றம் சொன்னார். ஸ்கேன் எடுத்துத்தான் முடிவு சொல்வார்கள் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

வாசற்படியில் மறுபடி ஒரு நித்தியகல்யாணி முளைத்திருந்தது. அதைப் பிடுங்க என் விரல் வளையவில்லை. வளைந்திருந்தாலும் பிடுங்கியிருக்க மாட்டேன்.