அண்ணத்தில் நாலு குழிகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் இரண்டாம் போக அறுப்பு முடிந்த சமயம். எனக்கும் ஆயுசு முடிந்துவிட்டது என்று முழுமனதாக நம்பினேன். மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒரு புண், ஆறவே இல்லை. அது புற்றுநோய்தான் என்று கைபேசியைப் பார்த்து நானே முடிவுகட்டிவிட்டேன்.

மச்சினனை அழைத்து, தோட்டத்தில் எந்த மோட்டார் எப்போது மக்கர் செய்யும் என்று விளக்கினேன். "தோட்டத்த விக்கப் போறீங்களா மாமா?" என்று அவன் மிரண்டான். பயத்தில் தாடையை இறுக்கிக்கொண்டே திரிந்தேன். புண் இன்னும் பெரிதானது.

சோற்றைத் தள்ளிவைத்தபோது மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, சந்தைல கண்ட மாட்டுக்கெல்லாம் வாயத் தொறந்து பல்லுப் பாக்கறீங்க. உங்க வாயத் தொறக்க ஆளு வரோணுமா? நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம். வல்லீன்னா கவுறு போட்டு இழுத்துட்டுப் போவேன்."

பல் டாக்டரம்மா என் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவே இடம் குறைவு, கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கிறது, கீழுதட்டுக்கு அடியில் ஆழமான மடிப்பு என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே போனார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட என்னை இவ்வளவு பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் சாவின் அறிகுறியாகவே கேட்டுக்கொண்டேன்.

பிறகு பற்களை அச்செடுத்து, வெள்ளைச் சாந்தில் வார்த்து, இரண்டு தாடையையும் சேர்த்துப் பின்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அண்ணத்தில், புண் இருந்த இடத்தில், நாலு குழிகள். கீழ்ப்பற்கள் நாலும் அதில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது. கீழ்ப்பல் மேல் ஈறில்தான் போய் உட்காரும். ஆனால் அதற்கு அந்த இடம் காய்ப்புப்போலத் தடித்திருக்கும். எனக்கு வெறும் அண்ணம். வாழ்நாளெல்லாம் வயசு கணிக்க மாட்டுப்பல் பார்த்தவனுக்குச் சொந்தக் கடி தெரியவில்லை.

"கம்பி போடணும். ரெண்டு வருசமாவது ஆகும். இந்த வயசுல நிறைய பேர் பாதியில விட்டுடுவாங்க" என்றார்.

"நான் உடமாட்டனுங்க" என்றேன்.

சந்தையில் ஒருவர், "என்னங்க மாப்ள, வாய்க்கு முள்வேலி?" என்றார்.

"ஆமாங்க, கண்ட மாடும் உள்ள பூந்துருது" என்று எல்லாக் கம்பியும் தெரியச் சிரித்தேன்.

தாடை வலித்த நாட்களில் களியைக் கரைத்துக் குடித்தேன். ஒரு தடவைகூட டாக்டரிடம் போகாமல் இருந்ததில்லை. கீழ்ப்பற்கள் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணத்தை விட்டு இறங்கின. புண் ஆறியது.

இப்போதெல்லாம் எங்காவது வலித்தால் கைபேசியைத் தொடுவதற்கு முன்பு மனைவியிடம் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், சாகப்போகிறேன் என்று நான் நம்பிய அந்த நாட்களில் என்னைக் கடித்துக்கொண்டிருந்தது என் சொந்தக் கீழ்ப்பற்கள் நாலும்தான்.