தேர் இழுக்க ஒரு பிக்கப்

என்னிடம் இருப்பது ஆட்டோ கியர் வண்டிக்கான லைசென்ஸ். கிளட்ச் மிதிக்கும் வண்டியை நான் ஓட்டக் கூடாது, ஓட்டவும் தெரியாது. டீசல் பிக்கப் நல்லதா, பெட்ரோல் பிக்கப் நல்லதா என்று எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டையைச் சொல்லப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சண்டையில் நான் பேசியது அத்தனையும் பொறியியல். ஆனால் எங்கள் ஜாசின் ஊர்ப் பழைய வண்டிக் கடையில் நின்ற டீசல் வண்டி மேனுவல், பெட்ரோல் வண்டி ஆட்டோ. மீதியை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

அப்பா பந்தல், மேசை, நாற்காலி வாடகைக்கு விடுகிறார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவாக இருந்தாலும் எங்கள் நாற்காலிகள்தான் போகும். அவற்றை ஒரு டிரெய்லரில் ஏற்றி, பழைய வேன் ஒன்றின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். சுங்கை ரம்பாயில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் வேன் சாலையோரமாக நின்றது, அதன் பிறகு கிளம்பவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் நின்றுகொண்டே சாப்பிட்டதாகக் கேள்வி. அன்றே பிக்கப் வாங்குவது என்று முடிவாயிற்று. பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் எனக்கு நிரந்தர வேலை இருந்ததால் வண்டி என் பெயரில் என்றும் முடிவாயிற்று.

நாற்காலிக்கு மட்டும் என்றால் எந்த வண்டியும் போதும். தேர் இருந்ததுதான் சிக்கல்.

நான் பிறந்த தோட்டம் ஜாசினிலிருந்து கொஞ்சம் உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு நடுவில் இருக்கிறது. அங்கே அம்மன் தேர் இரும்புச் சட்டமும் லோரி டயரும் வைத்துச் செய்தது. அதைக் கையால் இழுப்பதில்லை. தோட்டத்து டிராக்டர்தான் இழுக்கும், அதை அப்பாதான் ஓட்டுவார். கிளம்புமுன் கோயில் தலைவர் ஓட்டுநருக்கு மாலை போடுவார். உறுமி முழங்க அப்பா டிராக்டர்மேல் ஏறி உட்காருவதைப் பார்த்தால் தேர் அவருக்காகவே கிளம்புகிறது என்று தோன்றும். பிறகு டிராக்டர்களை விற்றுவிட்டார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரியோ, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துச் சந்துக்குள் நுழையாது. "நான் பிக்கப் வாங்குறேன், அதுலயே இழுத்துடலாம்" என்று அப்பா தலைவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். சொந்த வண்டி தந்தால் சொந்தக்காரரே ஓட்டுவது எங்கள் கோயில் வழக்கம். வண்டியோ என் பெயரில்.

எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டியவள் நான்தான். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்தேன், வகுப்பில் ஒரே தமிழ்ப்பெண். அந்தத் தேருக்கு முன்னால் அதுவரை எந்தப் பெண்ணும் ஓட்டுநராக உட்கார்ந்ததில்லை. நான் உட்கார வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், அதை மறைக்க எனக்கு நிறையப் படிப்பு இருந்தது.

பழைய வண்டிக் கடையின் சீன முதலாளியான தவுக்கே தமிழ் பேசுவார், அதுவும் ஆளுக்கு ஏற்ற தமிழ். அப்பாவிடம் வெள்ளை டீசல் வண்டியைத் தட்டிக்காட்டி, "அண்ணே, இது யானை. மலையைக் கட்டி விடு, இழுக்கும்" என்றார். எங்கிருந்தோ இறக்குமதியாகி வந்த நீல நிறப் பெட்ரோல் வண்டியை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, டீசல் இப்போ வெல ஏறிப் போச்சி. சத்தம் வேற. படிச்சவங்க எல்லாம் இதுதான் லா."

"எத்தன படிச்சவங்க வாங்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டேன்.

"நீதான் மொதோ ஆளு," என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

வீட்டில் அன்று சோறு ஆறிப்போனது.

"டீசல்தான்," என்றார் அப்பா. "இழுக்கிற வேலைக்குப் பொறந்ததே டீசல். பெட்ரோல் பாசாருக்குப் போய் மீன் வாங்கிட்டு வர்றதுக்கு."

"டீசல் பொகை யாரு மேல அடிக்கும்?" என்றேன். "தேருக்குப் பின்னால தட்டு ஏந்தி நடக்கிறது பொம்பளைங்க. டிராக்டர் பின்னால நடந்துட்டு வந்தா அம்மா மூஞ்சி கரிச்சட்டி மாதிரி இருக்கும்."

அம்மா என் பக்கம் சாய்ந்தார். "அதுல ஒரு உண்மை இருக்குங்க. அந்த மஞ்சப் பொடவைய நான் மறுபடி கட்டவே இல்ல."

"பொகை இருந்தாதான் வண்டி இழுக்குதுன்னு அர்த்தம். அதோட டீசல் சத்தம் போடும். சத்தமே இல்லாம அம்மன் வந்தா யாருக்குத் தெரியும்?"

"உறுமி மேளத்துக்குத் தெரியும் பா. அதுக்குத்தான சாப்பாடு போடறோம்."

அப்பா சட்டென்று என் கண்ணைப் பார்த்தார். "சரி, நீ படிச்ச படிப்பு என்னா சொல்லுது? இழுக்கிறதுக்கு எது நல்லது? ஒரே வார்த்தையில சொல்லு."

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். படிப்பு தெளிவாகச் சொன்னது: டீசல். மெதுவாகச் சுழலும்போதே டீசல் எஞ்சினுக்குப் பலம் அதிகம். பாரத்தோடு கிளம்ப அதுதான் வேண்டும். பொய் சொல்ல என் சான்றிதழ் இடம் தரவில்லை. "படிப்பு நெறைய சொல்லுது பா. எல்லாத்தையும் இன்னிக்கே சொல்ல முடியாது" என்று தட்டைக் கழுவப் போனேன்.

"அவளுக்குக் கிளட்ச் மிதிக்கத் தெரியாது. அதான் விஷயம்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னது குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"உங்களுக்கு அந்த மாலை வேணும். அதான் விஷயம்," என்றார் அம்மா.

இரண்டையும் ஓட்டிப் பார்ப்பதுதான் நியாயம் என்றேன். தவுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வண்டிகளையும் தோட்டத்துக்கே கொண்டுவரச் சம்மதித்தார். தேரின் எடை தெரிய வேண்டுமே என்று, செம்பனை ஆலையின் எடைமேடையில் ஏற்றிப் பார்க்கலாமா எனக் கோயில் தலைவரைக் கேட்டேன். குலை லோரி ஓட்டுபவர் அவர். மீசை துடித்துவிட்டது.

"அம்மனைப் பழக்குலை மாதிரி எடை போடச் சொல்றியா? பள்ளிக்கூடத்துல இதான் படிச்சிக் குடுத்தாங்களா?"

"அம்மன் கோயில்லயே இருக்கட்டும் மாமா. தேர் மட்டும்."

"தேரும் அம்மன்தான்!"

அப்படியானால் தேரை எடை போட வேண்டாம், திருவிழாவில் ஏறும் பாரத்துக்குச் சமமாகக் குலைகளை ஏற்றி இழுத்துப் பார்க்கலாம் என்றேன். அது அவருக்குச் சரியாகப் பட்டது. குலையைப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். ஜெனரேட்டருக்கு இத்தனை, தேங்காய் மூட்டைக்கு இத்தனை என்று ஏற்றினார். தேரில் உட்கார்ந்து வரும் பூசாரி, "எனக்கு ரெண்டு குலை போதும் பா" என்றார் அடக்கமாக. தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஐந்தாவது குலையையும் தூக்கி வைத்தார்.

"அம்மனுக்கு?" என்றேன்.

"அம்மனுக்கு எடை கிடையாது," என்றார் தலைவர் உறுதியாக.

ஜெனரேட்டர் கணக்கில் இன்னும் சில குலைகள் வைக்கச் சொல்லி அந்தச் சிக்கலைத் தீர்த்தேன். தேரில் முள்ளும் மண்ணுமாகக் குலை கிடப்பதைப் பார்க்கத் தலைவருக்கு மனம் கேட்கவில்லை. கோயிலிலிருந்து ஒரு மஞ்சள் துணியைக் கொண்டுவந்து குவியலின்மேல் போர்த்தினார். கலவரத்துக்கு வித்திட்டது அந்தத் துணிதான்.

முதலில் டீசல். அப்பா ஓட்ட, தவுக்கே பக்கத்தில் உட்கார, நாங்கள் பின்னால் நடந்தோம். கீழ் லயத்தின் முதல் வீட்டைத் தாண்டுவதற்குள் ஒரு பாட்டி கற்பூரத் தட்டோடு ஓடிவந்தார். "சொல்லவே இல்லையே பா! திடீர்னு தேர வெளிய எடுத்திருக்கீங்க, ஏதாவது பரிகாரமா?" அப்பா வண்டியை நிறுத்திவிட்டார். மஞ்சள் துணியைப் பார்த்துப் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே இருப்பது குலை என்று அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பூசாரி ஒரு கணம் தலைவரைப் பார்த்தார், தலைவர் மரத்தைப் பார்த்தார், பூசாரி தட்டை வாங்கித் தீபம் காட்டிவிட்டார்.

முடிந்தது கதை. அடுத்த வீட்டு அக்கா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார். "அவங்க வூட்டுக்கு நிக்கும், எங்க வூட்டுக்கு நிக்காதோ?"

நின்றது. அதற்கடுத்த வீட்டுக்கும் நின்றது. ஒரு வீட்டுக்கு நின்ற தேர் எல்லா வீட்டுக்கும் நிற்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் இதைவிடப் பெரிய சட்டம் இல்லை. விளக்குமாறைப் போட்டுவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொள்ள ஓடினார்கள். சிரப் கலக்கினார்கள். ஒரு வீட்டில் வடைக்கே மாவு அரைக்கத் தொடங்கிவிட்டார்கள். செம்பனைக் குலைகளுக்கு அர்ச்சனை தடபுடலாக நடந்தது.

நின்று கிளம்பி, நின்று கிளம்பி அப்பாவின் இடது கால் வேலை செய்துகொண்டே இருந்தது. மேல் லயத்து ஏற்றம் வந்தபோது, எஞ்சின் சிரமப்படவே இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சிரமப்பட்டது கிளட்ச். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தேர் குலுங்கித் தூக்கிப் போட்டது, பூசாரி கணக்கில் வைத்த ஒரு குலை உருண்டு விழுந்தது.

"பூசாரி விழுந்துட்டாரு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

பூசாரி மூக்கை உறிஞ்சினார். "இது என்னா வாசம்? சாம்பிராணி மாதிரி இல்லியே."

"கிளட்ச் எரியுது," என்றேன். முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டேன்.

தவுக்கே கதவைத் திறந்துகொண்டு குதித்தார். "அலாமாக்! அண்ணே, போதும்! என் வண்டி!"

பாதி லயம் இன்னும் பாக்கி. அவர்களை விட முடியுமா? பெட்ரோல் வண்டியைக் கொக்கியில் மாட்டி நான் ஏறினேன். அப்பா என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று மற்றவர்களோடு பின்னால் நடந்தார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், தேர் பாலில் மிதப்பது போல நகர்ந்தது. நிறுத்தினேன், நகர்த்தினேன். ஒரு குலையும் அசையவில்லை. "பாருங்க பா!" என்று கத்த நினைத்தபோது ஏற்றம் இன்னும் செங்குத்தானது. பெட்ரோல் எஞ்சின் குரல் உயர்ந்து கதறத் தொடங்கியது. உறுமியே வேண்டாம் என்னும் அளவுக்குச் சத்தம். பெட்ரோல் முள் என் கண்ணெதிரே இறங்கியது, சூட்டு முள் ஏறியது. நல்லவேளை, கடைசி வீடு வந்தது.

பெட்ரோல் அளவை எட்டிப் பார்த்த தவுக்கே நெஞ்சில் கை வைத்தார்.

"டீசல் இழுக்குது, ஆனா குலுங்குது. பெட்ரோல் குலுங்கல, ஆனா அழுவுது," என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

"டீசல், ஆட்டோ கியரோட," என்றேன். படிப்பு முதல் நாளே சொன்னது அதுதான். ஜாசினில் அப்படி ஒன்று நிற்கவில்லை என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. தவுக்கே நெற்றியில் அடித்துக்கொண்டார். "மொதோலே சொல்ல வேண்டியதுதானே! மலாக்காவுல என் மச்சான் கடையில ஒண்ணு நிக்குது லா!"

வண்டி அப்படித்தான் வந்தது. ஆட்டோ கியர் வண்டியை அப்பாவும் ஓட்டலாம் என்பதால் எனக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் திருவிழாவுக்குச் சில நாள் முன்பு அப்பா தானாகவே சொன்னார். "நீயே ஓட்டு. ஓம் பேர்ல இருக்கிற வண்டி." இவ்வளவு எளிதாகவா? சந்தேகமாக இருந்தது, ஆனாலும் உடனே பிடித்துக்கொண்டேன்.

தலைவருக்குத்தான் தர்மசங்கடம். "டிரைவருக்கு நான்தான் மாலை போடணும். கல்யாணம் ஆவாத புள்ளைக்கு நான் எப்படி மாலை போடறது? என் வூட்டுக்காரி சும்மா வுடுவாளா?"

"கையில குடுங்க மாமா, நானே போட்டுக்கிறேன்."

அப்படியே போட்டுக்கொண்டேன். திருவிழாவன்று சாயங்காலம் உறுமி முழங்க நான் ஏறி உட்கார்ந்தபோது அம்மா அழுதார். பின்னால் நின்ற அக்காமார் கை தட்டினார்கள். தேர் நகர்ந்தது.

பிறகுதான் தெரிந்தது, ஓட்டுநரின் கண்ணில் தேர் படாது என்று. எனக்கு முன்னால் காலிச் சாலையும் ஒரு கோழியும் மட்டும். அலங்காரம், தீபம், சாமியாட்டம் எல்லாம் என் முதுகுக்குப் பின்னால். பக்கக் கண்ணாடியில் கொஞ்சம் தெரிந்தது: புது வேட்டியில் அப்பா. ஒவ்வொரு வாசலிலும் அவரை நிறுத்தி உபசரித்தார்கள். ஒரு கையில் சிரப், மறு கையில் வடை. இத்தனை வருடமும் டிராக்டர்மேல் உட்கார்ந்து இழந்ததையெல்லாம் ஒரே நாளில் வசூலித்துக்கொண்டிருந்தார். குலைகளுக்குப் பின்னால் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்!

மேல் லயத்து ஏற்றத்தில் தலைவர் என் சன்னலில் தட்டினார். "புள்ள, கை வலிக்குதா? மீதிய அப்பா ஓட்டட்டுமா?"

"வேணாம் மாமா!" என்றேன்.

அதே நேரத்தில் பின்னாலிருந்து, வாய் நிறைய வடையோடு, அப்பாவின் குரலும் கேட்டது: "வேணாம் வேணாம், அவளே நல்லா ஓட்டுறா!"