மபாஸா கேட்ட மஞ்சள் கோடு

கடைசியாக எப்போது ஒரு வீடியோவைப் பார்த்து, அழும் முகம் ஒன்றைப் போட்டுவிட்டு விரலால் மேலே தள்ளினீர்கள்? இன்று காலையா? அதில் இருந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தீர்களா?

மபாஸாவின் வீடியோவையும் அப்படித்தான் பலர் தள்ளிவிட்டுப் போனார்கள்.

இலங்கையில், கலேவெல டவுனைத் தாண்டி, தம்புள்ளைக்குப் போகும் ரோட்டோரத்தில் அவளுடைய வீடு. எதிர்ப்பக்கம் இரண்டு பாடசாலைகள் ஒரே மதிலைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. ஒன்று முஸ்லிம் பிள்ளைகளுக்கு, மற்றது சிங்களப் பிள்ளைகளுக்கு. மணி அடிக்கும் நேரம் பார்த்துத்தான் மரக்கறி லொறிகளும் சந்தைக்குப் பறக்கும். அந்த வருடம் ரோட்டுக்குப் புதிதாகத் தார்க் கார்ப்பட் போட்டார்கள். பிள்ளைகள் கடக்கும் கோட்டை மட்டும் திரும்பப் போடவில்லை. இப்போது அந்தக் கோடுகள் வெள்ளையில்தான் வருகின்றன. ஊர் வாய்க்கு அது இன்னும் மஞ்சள் கோடுதான்.

கோடு இல்லாத குறையை அவளுடைய கணவர் லாபிர் தன் உள்ளங்கையால் தீர்த்துவைத்தார். மகள் றிஸ்னாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைப் பொலிஸ்காரர் மாதிரி உயர்த்துவார். இரண்டு பாடசாலைப் பிள்ளைகளும் அவருடைய சாரத்தின் பின்னால் வாத்துக் குஞ்சுகளாக ஒட்டிக்கொண்டு கடப்பார்கள்.

"இந்த டிரபிக் ஐயாக்கு சம்பளம் யாரு குடுக்குறது?" என்று கேலி செய்வாள் மபாஸா.

"நீங்க தாற பிளேன்டீதான்" என்பார்.

ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று கடையில் உட்கார்ந்தவர், பிறகு எழும்பவில்லை.

மபாஸா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதத்துக்கும் மேலாக, வெள்ளை உடுத்தி வாசல் தாண்டாமல் இருக்கும் வழக்கம் அது. துக்கப்பட அவளுக்கு மார்க்கம் அவகாசம் கொடுத்தது. லொறிகள் கொடுக்கவில்லை. முதல் சில நாட்கள் மைத்துனர் வந்து றிஸ்னாவைக் கூட்டிப்போனார். பிறகு அவருக்கு வயல் வேலை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு டயனா விடியவே கார்மன்ட் தொழிற்சாலை பஸ் ஏறிவிடுவாள். ஆக, மூன்றாம் வகுப்புப் பிள்ளை தனியாகக் கடந்தாள்.

மபாஸா ஜன்னல் சீலையை ஒதுக்கி, கம்பிகளுக்கு நடுவே போனைப் பிடித்து, மகள் கடப்பதை வீடியோ எடுத்தாள். பின்னேரம் அவளைப் பக்கத்தில் இருத்திப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான்.

"இங்க பாருங்க, இந்தப் பக்கம் பாத்தீங்க. அந்தப் பக்கம் பாக்கல்லயே?"

"பாத்தேன் உம்மா. கண்ணால மட்டும் பாத்தேன். தலையத் திருப்பல்ல."

"லொறிக்காரனுக்கு உங்கட கண்ணு தெரியாது மகள். தலையத் திருப்பணும்."

ஒரு திங்கட்கிழமை நடு ரோட்டில் றிஸ்னாவின் தண்ணிப் போத்தல் விழுந்தது. எடுக்கத் திரும்பினாள். பூசணி ஏற்றிய லொறி ஒன்று ஹோனை அலறவிட்டபடி வந்தது. "மகள்! உடுங்க அத! உடுங்க!" மபாஸா வாசல் வரை ஓடினாள். படியில் கால் நின்றுவிட்டது.

லொறி போய்விட்டது. போத்தல் அப்பமாகத் தட்டையாகிக் கிடந்தது. ஒரு முழம் தள்ளி றிஸ்னா விறைத்துப்போய் நின்றாள்.

மபாஸா அந்த வீடியோவை டயனாவுக்கு அனுப்பினாள். கார்மன்டில் சாப்பாட்டு நேரத்தில் பார்த்த டயனா, சோற்றுப் பார்சலை மூடிவைத்துவிட்டு, சிங்களத்திலும் தமிழிலும் ஒரு வரி எழுதி முகநூலில் போட்டாள்: 'இந்தப் பிள்ளைக்கு ஒரு மஞ்சள் கோடு கிடைக்குமா?'

பொழுது சாய்வதற்குள் அதை நாடே பார்த்திருந்தது. ஆயிரக்கணக்கில் அழும் முகங்கள். நடுவில், 'பிள்ளை சாகப் போகுது, தாய்க்கு வீடியோ கேக்குது' என்று ஒருவர். 'எல்லாம் தலைவிதி' என்று இன்னொருவர். தலையில் எழுதியதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ரோட்டில் எழுதாமல் விட்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

மபாஸாவைச் சுட்டது முதலாவதுதான். ஏன் கால் படியில் நின்றது? அவளும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிவாசல் நிர்வாகத்து ஜைனுதீன் ஹாஜியார் வந்து வாசல் சீலைக்கு வெளியே நின்றார்.

"மகள், அந்த வீடியோவ அழிச்சிப்போடச் செல்லுங்க. இத்தால இருக்கிற பொம்பளட கொரல் ஊரெல்லாம் கேக்குது."

"ஹாஜியார், அதுல உங்களுக்கு என்ட கொரல் மட்டுமா கேட்டிச்சி? ஹோன் சத்தம் கேக்கல்லயா?"

அவர் தொண்டையைச் செருமினார். "ஆபத்துண்டா நீங்க வெளிய ஓடி வந்திருக்கலாமே. மார்க்கம் தடுக்கல்ல."

"அத எனக்கு இதுக்கு முந்தி ஒருத்தரும் செல்லல்லயே! வராதீங்கண்டு செல்லத்தான் இத்தன பேர் வந்தாங்க. கொரல அழிக்கணுமெண்டா அழிக்கிறன். லொறிய யாரு அழிக்கிறது?"

ஹாஜியாரின் பேத்தியும் அதே பாடசாலையில்தான் படித்தாள். "வெள்ளிக்கிழம காலையில சிங்களத் தாய்மார் எல்லாம் ரோட்டுக்கு வாறாங்களாம்" என்றார் கடைசியில். "நாங்களும் வாறோம்."

வந்தார்கள். தாய்மார், ஆட்டோக்காரர்கள், அன்றைக்கு லீவு போட்ட டயனா, தொப்பியோடு ஹாஜியார். இளைஞர்கள் பெயின்ட் வாளியோடு வந்தார்கள். ரோட்டில் யாரும் கோடு கீறக் கூடாது, அது குற்றம் என்று பொலிஸ் வாளியைப் பறித்துக்கொண்டது. கோடு போடாமல் விட்டது குற்றமில்லை, போடுவதுதான் குற்றம். எப்பேர்ப்பட்ட சட்டம்! கூட்டம் கொதித்தது. லொறிகள் ஹோன் அடித்துக்கொண்டு உரசிப் போயின. பிள்ளைகள் இந்தப் பக்கமே நின்றார்கள்.

மபாஸா ஜன்னலில் நின்று பார்த்தாள். அலுமாரியைத் திறந்தாள். இத்தாவுக்கென்று சொந்தக்காரர்கள் கொடுத்த வெள்ளைச் சாரிகளை அள்ளிக்கொண்டு, படியில் இறங்கினாள். இந்த முறை கால் நிற்கவில்லை. கேட்டடியில் டயனாவைக் கூப்பிட்டாள்.

"டயனா, பெயின்டத்தானே பறிச்சாங்க? இத விரிங்க."

"அக்கா, நல்ல சாரியெல்லாம் அழுக்காகுமே!"

"ஆகட்டும். விரிங்க."

சிங்களத் தாய்மார் முனைகளைப் பிடித்தார்கள். கறுத்த தாரில் வெள்ளைச் சாரிகள் வரிசையாக நீண்டன. முனைகளில் கல் வைத்தார்கள். தம்புள்ளைப் பக்கம் திரும்பிய லொறியொன்று, பொலிஸ் கை காட்டாமலே, தூரத்திலேயே நின்றது. பெரஹரா ஊர்வலத்தில் வெள்ளைத் துணி விரித்துப் பழகிய ஊர் அது. இறந்தவரைப் போர்த்தும் கபனும் வெள்ளை, விகாரைக்கு உடுத்திப் போவதும் வெள்ளை, தேவாலயத்தில் முதல்நன்மை எடுக்கும் பிள்ளையின் உடையும் வெள்ளை. அதன் மேல் டயரை ஏற்ற எந்தச் சாரதிக்கும் மனம் வரவில்லை. பின்னால் பஸ்ஸும் நின்றது. ஹோன்கள் ஓய்ந்தன.

பிள்ளைகளுக்கும் தயக்கம். முன்னால் நின்ற றிஸ்னா திரும்பிப் பார்த்தாள்.

"உம்மா, உங்கட சாரி. மிதிக்கலாமா?"

"மிதிங்க மகள். மிதிச்சிட்டுப் போங்க."

றிஸ்னா பக்கத்தில் நின்ற ஒரு சின்னச் சிங்களப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். மற்றக் கையைப் பொலிஸ்காரர் மாதிரி உயர்த்தினாள். அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள், தலையை நன்றாகத் திருப்பி. பிறகு நடந்தாள். மற்றவர்கள் பின்னால் வாத்துக் குஞ்சுகளாகப் போனார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மபாஸா, லாபிர் போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

அதையும் யாரோ வீடியோ எடுத்தார்கள். இந்தத் தடவை அழும் முகங்களோடு அது நிற்கவில்லை. ரோட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்துப் போன்கள் ஓயாமல் அடித்தன. அடுத்த கிழமை அதிகாரிகள் வந்து அளந்தார்கள், கோடு போட்டார்கள். சாரிகளில் பதிந்த சப்பாத்துக் கறை எத்தனை தரம் தோய்த்தும் முழுதாகப் போகவில்லை. மிச்ச இத்தா நாட்களை மபாஸா அந்தச் சாரிகளோடுதான் கழித்தாள்.

அடுத்த வளைவில் இன்னொரு பாடசாலை இருக்கிறது. அங்கே இன்னும் கோடு இல்லை. உங்கள் ஊரில் எப்படி? நாளைக் காலை மணி அடிக்கும் நேரத்தில் உங்கள் பிள்ளையின் பாடசாலை வாசலில் நின்று பாருங்கள். கோடு இல்லையென்றால் போனை எடுங்கள். எடுத்த கையோடு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அலுமாரியில் ஒரு வெள்ளைத் துணி இருந்தால், அதையும் கொண்டுவாருங்கள்.