உலைக்கு ஆள் சேர்த்த அந்தோணிசாமி அண்ணன்

திருவாரூரில் ஒரு ரைஸ் மில்லில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தபோது பவுண்டரி மேஸ்திரி செல்வம் போன் செய்தார். "அண்ணே, இன்னிக்கு அடுப்படி லீவு" என்றார். புனித வெள்ளியைத் தவிர லீவே விடாத இடம் அது. அந்தோணிசாமி அண்ணன் போய்விட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது. மோட்டாரை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பம்புசெட், மில் சாமான் வியாபாரம் செய்கிற நமக்கெல்லாம் அந்தோணிசாமி அண்ணனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கும்பகோணம் சாலையில் இரும்பை உருக்கி வார்த்துக்கொடுத்தவர். பெயர்ப் பலகையில் வார்ப்பகம் என்று இருக்கும். ஊரில் எல்லாருக்கும் அது பவுண்டரி. அவருக்கு மட்டும் அடுப்படி. "வார்ப்பகம்னா பேங்க்காரருக்கு, பவுண்டரின்னா உனக்கு. அனல்ல நிக்கிற எனக்கு அது அடுப்படிதான்யா" என்பார்.

அந்த அடுப்படிக்கு ஒரு முறை உண்டு. ஒற்றைச் சாமானுக்காக உலை மூட்ட மாட்டார்கள். எரிக்கிற கரிக்குக் கட்டாது. மணல் அச்சுகள் போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் நெருப்பு.

சில வருடங்களுக்கு முன், குறுவை நேரம். நீடாமங்கலம் பக்கம் கடைமடையில் குத்தகைக்குப் பயிர் செய்யும் கலியபெருமாள், உரச் சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பம்பின் வெளிக்கூடான கேஸிங், இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தப் பம்பைச் செய்த கம்பெனியை மூடி வெகுகாலம் ஆகிறது. "நாத்து மஞ்சளாப் போச்சுங்க. இந்த வாரம் தண்ணி எறைக்கலேன்னா மாட்டுக்குக்கூட ஆகாது" என்றார். புதுப் பம்பு வாங்க அவருக்கு வழியில்லை. செய்து தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன்.

அண்ணன் கேஸிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செஞ்சிடலாம். அடுத்த உலை மாசக் கடைசி."

"அதுக்குள்ள நாத்து செத்துடும்ணே."

"ஒத்த இட்லிக்கு யாராச்சும் மாவாட்டுவாங்களா? கூட ஊத்துறதுக்கு வேற என்ன இருக்கு, சொல்லு."

டீ கொண்டுவந்த அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, "தோசைக்கல்லு ஊத்துங்களேன். இப்ப வாங்குறதெல்லாம் ஒட்டுது" என்றார்.

"பம்புசெட் கடையில தோசைக்கல்லாக்கா?"

"நாத்து மேல அக்கறை அவ்ளோதானா?" என்றார் அண்ணன்.

மாட்டிக்கொண்டேன். தோசைக்கல்லை என் கடையில் விற்க ஒப்புக்கொண்டேன். உடனே அவர் போனை எடுத்தார். "உலை மூட்டுறேன், உங்களுக்கு என்ன வேணும்?" மில்காரர் ஒருவருக்குப் பெல்ட் மாட்டும் புல்லி, மரக்கடைக்காரருக்குச் சக்கரம், பாத்திரக்கடைக்காரருக்கு எடைக்கல். மத்தியானத்துக்குள் உலைக்கு வேலை சேர்ந்துவிட்டது.

மறுநாள் உலை வாயில் இரும்பு சிவந்து இறங்கியது. முதல் கரண்டி எடைக்கல் அச்சுப் பக்கம் போனதுமே கலியபெருமாள் கத்தினார். "என்னோடத மொதல்ல ஊத்துங்க!"

"மொத தோசை கல்லுல ஒட்டும்யா. ஒனக்கு நடுத்தோசை, சும்மா நில்லு" என்றார் அண்ணன். முதலில் இறங்கும் இரும்பில் சூடு பத்தாது. நடுவில் வருவதுதான் பழுதில்லாமல் ஓடி நிரம்பும். அதைத்தான் கேஸிங்குக்கு வைத்திருந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கலியபெருமாளும் சிரித்துவிட்டார்.

ஆறியதும் லேத்தில் கடைந்து கொடுத்தனுப்பினோம். அன்று சாயங்காலமே, நான் அடுப்படியில் இருந்தபோது கலியபெருமாள் எனக்குப் போன் செய்தார். இன்ஜின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. "ஒண்ணும் கேக்கலியா? அப்ப தண்ணி ஏறிடுச்சு" என்று அண்ணன் தொடையைத் தட்டினார். நாற்று பிழைத்தது. தோசைக்கல்லும் வீணாகவில்லை. வாங்க வந்த பெண்கள் மறுவாரம் புருஷன்மாரைப் பம்பு வாங்க அழைத்துவந்தார்கள். இப்போதும் அது என் கடையில் நன்றாக ஓடுகிற சரக்கு.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

போன வாரம் செல்வம் வந்தார். வேதாரண்யத்திலிருந்து ஒருவர் உடைந்த கியரோடு காத்திருக்கிறாராம். உலைக்கு ஆள் சேரவில்லையாம். இல்லை என்று சொல்லுமுன் நாலு பேரைக் கேட்டுப் பார்ப்பது, அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். போனை எடுத்து வரிசையாகக் கேட்டேன். "உலை மூட்டுறாங்க, உங்களுக்கு என்ன வேணும்?"

கடைசியில் கலியபெருமாளிடமும் கேட்டேன்.

"எனக்கு இப்ப ஒண்ணும் வேண்டாங்க. இருந்தாலும் எம் பேருக்கு ஒண்ணு ஊத்தச் சொல்லுங்க."