பெயர் தேய்ந்த கத்தி

கொளஞ்சியப்பன் மாமாவை முதுநகரில் யாரும் திருடன் என்று சொல்ல மாட்டார்கள். அவரே வந்து சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அவருக்கு வந்த கஷ்டமே அதுதான்.

கல்யாணச் சமையலில் காய் நறுக்குவது அவர் வேலை. எங்களுக்குச் சொந்தமில்லை. என் அப்பா அவரை மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியதால் எனக்கு மாமா. முகூர்த்தம் முடிந்ததும் மற்ற ஆட்கள் மிஞ்சின காயைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். இவர் மட்டும் பெண் வீட்டாரைத் தேடிப் போய், "கொஞ்சம் கருவேப்பில எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். ஒருமுறை அவர்கள் சம்பந்தி சண்டையில் இருந்தார்கள். பதில் வருவதற்குள் கையிலிருந்த கருவேப்பிலை வாடிப்போய்விட்டது என்று சமையல் ஆட்கள் இன்றைக்கும் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

எனக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. அப்பாவுக்குப் பிறகு நான்தான் கல்லாவில் உட்காருகிறேன். குடம், சொம்பு, தாம்பாளம் எதுவாக இருந்தாலும் மிஷின் பேனாவால் பெயர் வெட்டிக் கொடுப்பேன். எழுத்துப் பிழை இல்லாமல் வெட்டுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வாங்குகிறவர்களே தப்பாகச் சொன்னாலும் திருத்தித்தான் வெட்டுவேன். அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன்.

2009 ஆவணியில் மாமா கடைக்கு வந்தார். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"கயலு, கத்தில கீறல் விழுந்துட்டா எப்பிடிம்மா எடுக்கறது?"

"கொண்டாங்க மாமா. பாத்துட்டுச் சொல்றேன்."

"கத்தி எதுக்கு? நீ சும்மா வாயால சொல்லு."

அவர் ஏற்கெனவே உப்புத்தாள் வாங்கி, கீறல் இருந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பார்த்திருக்கிறார். கீறல் போய்விட்டது. ஆனால் பளபளத்த அலகில் அந்த இடம் மட்டும் வெளுத்துப்போய்த் தேமல் மாதிரி தெரிந்ததாம். சொல்லும்போது ஏதோ தன் உடம்பில் வந்த தேமல் போலக் கூசினார்.

அந்த இடத்தோடு விட்டால் காட்டிக்கொடுத்துவிடும், முழு அலகையும் தேய்க்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். "ஒரு மரக்கட்டையில தாளச் சுத்திக்குங்க மாமா. தேங்காண்ண விட்டு ஒரே பக்கமா தேயுங்க. முன்னயும் பின்னயும் போட்டு இழுக்காதீங்க. அப்பறம் அதவிட நைசான தாள். அத குறுக்கால தேயுங்க. மொத தாளு போட்ட கோடு ஒண்ணுகூட தெரியக்கூடாது. தெரிஞ்சா அடுத்த தாளுக்குப் போகாதீங்க. இப்பிடியே நைசாயிட்டே போயி, கடைசில பாலிஷ தொட்டு பழைய பனியன் துணியால தேச்சீங்கன்னா மொகம் தெரியும்."

கவனமாகக் கேட்டுக்கொண்டார். நன்றி சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அவர் மனைவி சௌந்தரம் அத்தை கடைக்கு வந்து, "உங்க மாமா மொட்ட மாடியே கதின்னு ஒக்காந்து கத்திய தேய்க்கறாரு. என்னையக்கூட இப்பிடி ஒரு நாள் பாத்ததில்ல" என்று சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன்.

அவர் அழித்தது கீறல் இல்லை, ஒரு பெயர். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். வேலை முடிந்த அவசரத்தில் கத்திகளைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார் மாமா. வீட்டில் பிரித்தபோது தன்னுடையது அல்லாத ஒரு கத்தி இருந்தது. சிங்கப்பூர் சரக்கு. பிடிக்கு அருகில், கட்டை விரல் மறைக்கும் இடத்தில், பொடி எழுத்தில் பெயர் வெட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நறுக்கிய சிதம்பரத்துக்காரர் சபாபதியின் கத்தி. அடுத்த முகூர்த்தத்தில் கொடுத்துவிடலாம் என்று வைத்தார். அதற்குள் ஒரு வெங்காயத்தை நறுக்கிப் பார்த்தார். அங்கேதான் வழுக்கினார். அவ்வளவு நல்ல கத்தியை அவர் அதுவரை தொட்டதே இல்லை.

அடுத்த முகூர்த்தத்தில் சபாபதி வரவில்லை. அதற்கடுத்ததற்கு இவர் போகவில்லை. தள்ளிப்போகப் போக, கொடுக்கும்போது என்ன சொல்வது என்ற கூச்சம் கத்தியைவிடப் பெரிதாகிவிட்டது. இந்த நேரத்தில், திருவந்திபுரத்தில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு ஆள் போதாமல் சபாபதியையும் வரச் சொல்லியிருக்கிறது என்று சமையல் மேஸ்திரி சொன்னார். மாமா உப்புத்தாள் வாங்கப் போனது அன்றைக்குத்தான்.

கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று நான் பிறகு கேட்டேன். "அது இல்லாம எனக்கு கை ஓடாதும்மா" என்றார். இப்படிப்பட்ட மனுஷரை என்ன செய்வது?

திருவந்திபுரத்தில் சபாபதி பக்கத்திலேயே உட்கார்ந்தார். பூசணிக்காயைப் பிளக்க மாமாவின் கத்தியைச் சாதாரணமாக எடுத்தார். பிளந்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கிட்ட இருந்த கத்தி மாதிரியே கைக்கு ஒக்காருதுண்ணே. அதுல எம்பேரு இருக்கும். சிங்கப்பூர்லேர்ந்து எம்மச்சான் ராஜவேல் வாங்கியாந்து குடுத்தது. ஒரு சின்ன விஷயத்துல ரெண்டு பேருக்கும் வாய் தடிச்சுப் போச்சு. புடிக்கலன்னா குடுத்துடு மாமான்னான். அந்த வாரமே கத்தியக் காணும். குடுத்தவனே எடுத்துட்டுப் போயிட்டான், கேவலம்."

"அவருதான் எடுத்தாருன்னு…"

"வேற யாரு எடுப்பா? ரெண்டு வருஷமா பேச்சில்ல. பையனுக்கு காது குத்தணும். தாய்மாமன் மடி வேணுமே! எம்பொஞ்சாதி தெனம் அழுவுறா. திருடன் மடியில எம்புள்ளைய ஒக்கார வைக்கமாட்டேன்னுட்டேன்."

மாமாவால் அதற்குமேல் ஒரு காய்கூட நறுக்க முடியவில்லை. பந்தி முடியும்வரை பொறுத்திருந்து, கை கழுவும் இடத்தில் சபாபதியைப் பிடித்தார். "ராஜவேல் எடுக்கல. எங்கிட்டதான் இருக்கு. இதுதான் அது" என்று கத்தியை நீட்டினார்.

சபாபதி வாங்கிப் பார்த்தார். பிடிக்கு அருகில் விரலால் தடவினார். நான் சொல்லிக் கொடுத்தபடி தேய்த்த அலகு. ஒரு கோடு இல்லை. அவர் முகம்தான் அதில் தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க குடும்பம் ஒண்ணு சேரணும்னு உங்க மேல பழியப் போட்டுக்கறீங்களேண்ணே! கருவேப்பிலய கேட்டு எடுக்கற மனுசன் நீங்க. நீங்களா கத்தி எடுப்பீங்க?"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ, "அவரு பெரிய மனுசன்யா" என்றார்கள். சபாபதி திருப்பிக் கொடுத்த கத்தியை மாமா வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டார். பின்னால் என்னிடம் சொன்னார்: "அந்த நிமிசம் எனக்கு அப்பாடான்னு இருந்திச்சு கயலு. அதத்தான் என்னால தாங்க முடியல."

சபாபதி ஊருக்குப் போனதும் மச்சானிடம் பேசிவிட்டார். காதுகுத்துக்கு நாள் குறித்து, மாமாவுக்குப் பத்திரிகை அனுப்பினார். கதை முதுநகருக்கும் வந்தது. டீக்கடையில் மாமாவுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். கடைக்கு வந்தவர்களிடம் நான்கூடப் பெருமையாகச் சொன்னேன். அதைச் சொன்ன என் வாயை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அந்த வாரம் ராஜவேல் பஸ் ஏறி மாமா வீட்டுக்கே வந்துவிட்டான். முப்பது வயதுக்காரன். பழத்தட்டை வைத்துவிட்டு உட்காராமல் நின்றான்.

"சபாபதி மாமா எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமாண்ணே? போனது போவட்டும், ஒன்ன மன்னிச்சிட்டேன்னாரு. நான் எடுக்கவே இல்லண்ணே. அக்கா மொகத்துக்காக தலையாட்டிட்டு வந்துட்டேன். அந்தப் புள்ள என் மடியில ஒக்காரும்போது, திருட்டுப் பய மடின்னுதானே எல்லாரும் பாப்பாங்க? நீங்க ஒருத்தராவது நம்புங்க."

"நம்பறேன்" என்று மட்டும் மாமா சொன்னாராம். அதற்காக ராஜவேல் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் கடை திறந்ததும் மாமா வந்தார். துண்டில் சுற்றிய கத்தியை முதல் தடவையாக என் முன்னால் வைத்தார்.

"இதுல சபாபதி பேரு போடணும்மா."

அழகான வேலை. இத்தனை சுத்தமாகத் தேய்த்ததை நான் பார்த்ததில்லை. "காதுகுத்துக்கு சீரா மாமா? உங்கள மாதிரி யாரு இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே மிஷினைப் போட்டேன்.

"இரு. ச, பா, தி. அவ்வளவுதான்."

"நடுவுல ப விட்டுட்டீங்க."

"விட்டுத்தான் எழுதணும்."

"மாமா, தப்பா வெட்டி என் கடைப் பேரக் கெடுக்கச் சொல்றீங்களா? சபாதின்னா என்னன்னு கேப்பாங்க. பாதி சபாபதின்னு சிரிப்பாங்க."

"அவுங்க வீட்லயும் அப்பிடித்தான் சிரிச்சிருப்பாங்க" என்றார். பிறகு தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கத்தி வந்தது, தேய்த்தது, திருவந்திபுரம், ராஜவேல். ராஜவேல் சிதம்பரத்தில் ஏதோ ஒரு கடையில் பெயர் வெட்டிக் கொடுத்தபோது நடு ப விழாமல் சபாதி என்றே ஆகிவிட்டிருக்கிறது. சபாபதி சொன்ன சின்ன விஷயம் அதுவாகத்தான் இருக்கும் என்று மாமாவுக்கு இப்போதுதான் பிடிபட்டிருந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு அந்த ஆள் அதன்மேல் எப்போதும் கட்டை விரலை வைத்தே நறுக்கியிருக்கிறார்.

"நீ சரியா எழுதுனீன்னா அது நான் வாங்கிக் குடுத்த கத்தி ஆயிடும்மா. இன்னும் பெரிய மனுசன் ஆயிடுவேன். தப்பா எழுது. அப்பதான் அது அவரு கத்தி."

எனக்குக் கோபமாக வந்தது. என்னிடமே வழி கேட்டு, என் வாயாலேயே சொல்ல வைத்து அழித்திருக்கிறார். கத்த வேண்டும் என்று நினைத்தேன். அவர் நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. மிஷினைப் போட்டு, ப இல்லாமல் வெட்டினேன்.

"நீயும் கூட வாம்மா. தனியா போனா பாதி வழியில எறங்கிடுவேன்" என்றார்.

போனேன். சொன்ன மாதிரியே புதுச்சத்திரத்தில் எழுந்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

சிதம்பரத்தில் சபாபதி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பையன் ராஜவேல் மடியில் உட்கார்ந்திருந்தான். ராஜவேல் யாரையும் பார்க்காமல் பையனின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். சபாபதி ஓடி வந்து மாமாவின் கையைப் பிடித்து, "இவருதாங்க நான் சொன்னவரு!" என்று எல்லாருக்கும் காட்டினார். மாமா இன்னொரு கையால் துண்டை நீட்டினார்.

"சீர் வேறயா? எதுக்குண்ணே இதெல்லாம்?"

சபாபதி பிடித்த கையை விடாமலே ஒற்றைக் கையால் துண்டை உதறினார். கத்தியைப் பிடித்ததும் கட்டை விரல் தானாக அந்த இடத்துக்குப் போனது. ஏதோ தட்டுப்பட்டு விரலை எடுத்தார். குனிந்து படித்தார்.

"இதத்தான் அன்னிக்கும் குடுத்தேன். பேர அழிச்சிட்டுக் குடுத்தேன்" என்றார் மாமா. பந்தல் முழுக்கக் கேட்டது.

சபாபதி கத்தியை ராஜவேலிடம் நீட்டினார். அவன் பார்த்தான். "சபாதி" என்று வாய்விட்டுப் படித்தான். பையன் களுக்கென்று சிரித்தான். ராஜவேலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவன் அக்கா வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "மச்சான்…" என்று சபாபதி அவன் பக்கம் குனிந்தார்.

அப்போதுதான் தன் கை இன்னும் மாமாவின் கையைப் பிடித்திருப்பது அவருக்குத் தெரிந்தது. விட்டார். விட்டு, தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மாமா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. சாப்பிடவும் சொல்லவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது மாமா ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னார்.

"சரியாத்தான் எழுதியிருக்க கயலு."